பரிமாறியவளின் பசி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஈரக்காற்று அடிக்கிறது, போர்வையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். பயமுறுத்துகிற கதை ஒன்று சொல்கிறேன். ஆனால் முடியும்போது உங்களுக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வரும்.

அறுபத்தாறாம் வருஷம், அரிசிக்கு ஊரே அலைந்த காலம். திருவள்ளூருக்கு வெளியே இருந்த ஒரு பெண்கள் கல்லூரி விடுதிக்கு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து பூவம்மாள் வந்து இறங்கினாள். கையில் ஒரு தகரப்பெட்டி. மழை பொய்த்து அவள் அப்பாவின் நெல்வயல் வெடித்துக் கிடந்தது. விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லை.

அங்கேயே ஒரு வேலை கிடைத்தது. மற்ற மாணவிகளுக்குச் சோறு பரிமாறினால் சாப்பாடும் தங்க இடமும் இலவசம். அந்த வேலை போனால் படிப்பும் போய்விடும்.

"பரிமாறுற பொண்ணு கடைசியா சாப்பிடணும். அதான் இங்க வழக்கம்" என்றாள் வார்டன் சாராள்.

பந்தியில் கேலி கிளம்பியது.

"கரண்டி பிடிக்கவா காலேஜுக்கு வந்தே?"

"ஆமா, உனுக்கு ஊத்திக்கினே பாஸ் பண்றேன், பாரேன்!" என்றாள் பூவம்மாள்.

ஆனால் அவள் உட்காரும்போது பானையில் ஒன்றும் இருக்காது. தலைக்கு இவ்வளவு என்று அளந்து வடித்த சோறுதான். எப்படியோ ஒருத்தியின் பங்கு குறையும். யாராவது பார்த்தால், "பசிக்கல" என்பாள். கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பாள். நாளாக ஆகக் குறை பெரிதானது. பந்தியின் கடைசியில் இருந்தவர்களுக்கே சோறு எட்டவில்லை.

வார்டன் அவளைக் கூப்பிட்டாள். "திருடித் தின்றியா? இன்னிக்கும் குறைஞ்சா, காலைல ஊருக்குக் கிளம்பு."

அன்று பொழுது சாயும் நேரம். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பூவம்மாள் பானைக்குக் காவலாக உட்கார்ந்தாள். மின்சாரம் போய்விட்டது. ஒரு லாந்தர் மட்டும். வடித்த சோற்றின் வாசனையோடு, காயாத துணியின் வாடையும் மெல்லக் கலந்தது.

மூடி நகர்ந்தது.

யாரும் இல்லை.

ஆவி பறக்கிற சோற்றில் விரல்கள் பதிந்த பள்ளம்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சமையல்கார ஞானம்மாவின் முகம் வெளுத்தது.

"குணசுந்தரிடி அது" என்று கிசுகிசுத்தாள். "உனுக்கு முன்னால பரிமாறினவ. பானை காலியா கெடக்கும். கேட்டா பசிக்கலம்பா, சிரிச்சிக்கினே போயிடுவா. பரிட்சைக்குப் போற வழியில, கொட்டுற மழையில சுருண்டு வுழுந்தா, ஏந்திரிக்கவே இல்ல. நானும் சரியா கேக்கல, வார்டனும் கேக்கல."

பூவம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். ஓடிவிடலாம். ஆனால் வெறும் கஞ்சித் தண்ணீரோடு படுப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமே.

ஒரு தட்டை எடுத்துக் காலியான பந்தியில் வைத்தாள். "உட்காருங்கக்கா" என்று சொல்லிச் சோறு போட்டாள். "போதுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம்..."

காதோரம் குளிர்ந்த மூச்சு.

போட்டாள். தட்டு காலியானது. மறுபடியும் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம்..."

பானை வற்றிக்கொண்டே வந்தது. அதோடு தன் படிப்பும் போகிறது என்று தெரிந்தே பூவம்மாள் வழித்து வழித்துப் போட்டாள். கண்ணீர் கரண்டியில் சொட்டியது. பின்னால் வார்டன் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

கடைசிப் பருக்கையும் மறைந்தது. அப்புறம், அந்த இருட்டில், மிக மெதுவாக ஒரு குரல்:

"போதும். நீ சாப்ட்டியாடி?"

வார்டன் சாராள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "குணா... உன்னை இத ஒரு நாளும் நான் கேக்கலியேம்மா" என்று வாய்விட்டு அழுதாள்.

அன்றிரவு விடுதி முழுக்கக் கேழ்வரகுக் கூழ். ஒரு பெண்ணும் முணுமுணுக்கவில்லை. மறுநாளிலிருந்து பரிமாறும் பெண்ணுக்கு முதல் தட்டு. பூவம்மாள் படித்து முடித்தாள். சோறு அதன்பின் குறையவில்லை.

ஆனாலும் குணசுந்தரி போய்விடவில்லை, கண்ணுகளா. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் எந்தப் பெண்ணாவது வெட்கப்பட்டுக்கொண்டு பசியை மறைத்தால், யாரோ பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தி உட்கார வைப்பார்களாம். கை மட்டும் ஜில்லென்று இருக்குமாம்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பரிமாறுகிற கைக்கும் சூடாறாத சோறு கிடைக்கட்டும். "சாப்பிட்டாயா" என்று கேட்க உங்களுக்கு எப்போதும் ஆள் இருக்கட்டும்.