அந்தக் கை யாருக்கு?

மழை... டென்மார்க்கின் வைலே நகரத்து மழைக்கு ஓய்வே இல்லை. அந்த மழைக்குள் மேனுஜாவின் சைக்கிளுக்கு முன்னால் ஒரு சிவப்பு மழைச்சட்டை இன்னொரு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கும் அவன்தான்! சிக்னல் நெருங்கியதும் தோளுக்கு மேலாக ஒரு பார்வை... மழை கழுவிய கரிய கண்கள்... பிறகு மெல்ல உயர்ந்தது ஒரு கை. காலைதோறும் இப்படித்தான். முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்ச் சேரும்வரை அவள் அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

இன்று துணிந்து, அவளும் கையை அசைத்தாள்.

டமார்!

அவன் நின்றுவிட்டிருந்தான். அவளுடைய முன்சில்லு அவனுடைய பின்சில்லில் மோதியது.

"ஐயோ, என்ர பெட்டி!"

அவன் வாயில் தமிழ்!

"கையைக் காட்டிப்போட்டு ஏன் நிண்டனீங்கள்?" என்று சீறினாள்.

"நிக்கிறதுக்குத்தானே காட்டினது! பின்னால வாற ஆக்களுக்கு அடையாளம். நீங்கள் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

தனக்கென்றல்லவா நினைத்திருந்தாள்! முகம் சுட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதல், இந்த வேலைக்காக வைலேக்கு வரும்வரை, கிரின்ஸ்டெட் ஊரில் அப்பாவின் காரிலேயே திரிந்தவளுக்கு இந்தச் சட்டமெல்லாம் எப்படித் தெரியும்?

"எங்கட ஊரில பெல் அடிச்சாப் போதும்!" என்றவள் இருமினாள். முன்னால் நின்ற லொறி முகத்திலேயே புகையை ஊதியது. அவள் மூச்சு விசிலடித்தது.

அவன் கண்களில் எழுந்த சிரிப்பு மறைந்தது. கைபிடியில் பூட்டியிருந்த சிறு பெட்டியைக் காட்டினான். அவன் பெயர் சாருஜன். சைக்கிளில் போகிறவர்கள் எவ்வளவு புகைத்துகளைச் சுவாசிக்கிறார்கள் என்று அளக்கும் மாணவன். பெட்டியில் இலக்கங்கள் பாய்ந்து ஏறின.

"மிதிக்க மிதிக்க மூச்சு ஆழமாப் போகும். இதெல்லாம் நெஞ்சுக்குள்ள இறங்கும். ஆத்தங்கரைப் பாதையால வாங்கோ. நானும் நாளையிலயிருந்து அங்கதான் அளக்கப் போறன்."

"என்ர நெஞ்சை நான் பாத்துக்கொள்ளுவன்!"

ரோசம். அடுத்த நாட்களிலும் பெருந்தெருவிலேயே போனாள். சிவப்புச் சட்டையைக் காணவில்லை... இருமல்தான் கூட வந்தது. அதைத் தொலைபேசியில் கேட்ட அப்பா, "மேனு, இந்த இழுப்போட சைக்கிளும் வேண்டாம், வேலையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காரோட வாறன். வீட்ட வா," என்றார்.

தானே மிதித்துப் போகும் இந்தக் காலைகளை விடுவதா?

மறுநாள் ஆற்றங்கரைக்குத் திரும்பினாள். ஈர இலை மணம்... ஒரே ஒரு தெரு தள்ளி இப்படியொரு காற்றா! முன்னால் அந்தச் சிவப்புச் சட்டை. அவள் பின்னாலேயே போனாள். அடுத்த காலையும்... அதற்கடுத்த காலையும்...

வார இறுதிக்குள் விசில் அடங்கியிருந்தது. "அப்பா, கேளுங்கோ," என்று தொலைபேசிக்குள் நீளமாய் மூச்சு விட்டுக் காட்டினாள். அப்பா இன்னொரு தடவை மூச்சுவிடச் சொல்லிக் கேட்டார். "சரி பிள்ளை... நான் வரேல்லை."

திங்கட்கிழமை மழை தூறலாகியிருந்தது. சாருஜனுக்குப் பக்கத்தில் போய்ப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். அன்று பாய்ந்து ஏறிய இலக்கங்கள் அடியில் உறங்கிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத காற்று... அதற்குள் அங்கே இத்தனை புகை இருந்ததா, இங்கே அது இல்லாமலே போனதா! அவள் கண்கள் விரிந்தன.

அவன் முந்திப் போனான். தோளுக்கு மேலாக ஒரு பார்வை... ஒரு கை உயர்ந்தது.

"இஞ்ச சிக்னலே இல்லையே! ஏன் நிக்கிறியள்?"

அவன் காலை ஊன்றித் திரும்பினான். காதுகள் சிவந்திருந்தன.

"இண்டைக்குக் காட்டினது... உங்களுக்குத்தான்."

மேனுஜா ஆழமாக மூச்சை இழுத்தாள். பிறகு மெல்லக் கையை உயர்த்தினாள்... சட்டப்படி, அவனருகே நிற்பதற்கு.