தொண்ணூற்றெட்டு

மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிவிட்டு, ஜூடு கட்டிலில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலை ஆக்சிமீட்டருக்குள் நுழைத்தான். நெஞ்சு துருத்திபோல அடித்தது. நகங்களில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. கருவி கொஞ்சம் யோசித்துவிட்டு எண்களைக் காட்டியது. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடி எழுபத்திரண்டு.

மாடி ஏறும் முன்பும் அதேதான். நேற்றும் அதேதான்.

"இங்க பாருங்கம்மா. இம்புட்டு இளைக்குது எனக்கு. இது எழுபத்திரண்டுங்குது. எப்படிம்மா?"

மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சரான அம்மா பிலோமினாள் கருவியை வாங்கித் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். தொண்ணூற்றாறு.

"என்னயவிட உனக்குத்தான்டா நல்லா இருக்கு. இந்த வெயில்ல மாடி ஏறுனா எருமைமாட்டுக்கும்தான் இளைக்கும்."

பேட்டரி மாற்றிப் பார்த்தான். பத்து விரலிலும் மாட்டிப் பார்த்தான். காளவாசல் கிளினிக்கில் டாக்டரின் கருவியும் அதையே சொன்னது. "ரத்தம் எடுத்துப் பாக்கலாமே டாக்டர்" என்று ஜூடு கேட்டபோது அவர் சிரித்தார். "தொண்ணூத்தெட்டுக்கு எதுக்குத் தம்பி ஊசி? கூடப் படிச்ச பையன் போயிட்டான். மனசு பயந்திருக்கு. தூங்கு."

ஜூடுக்கு அந்தக் கருவி அத்துபடி. ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் விரலுக்குள் பாயும். ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மற்றது தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் சிவப்பை மறுபக்கம் போக விடும். ஆக்சிஜன் இல்லாத ரத்தம் சிவப்பை விழுங்கிக்கொள்ளும். எலும்பும் தோலும் அசையாமல் கிடக்க, நாடியோடு சேர்ந்து துடிப்பது ரத்தம் மட்டும்தான். அந்தத் துடிப்பில் எந்த ஒளி எவ்வளவு கடந்து வருகிறது என்று பார்த்துக் கருவி கணக்குப் போடும். அவ்வளவுதான். அதற்கு விரல் தெரியும். யாருடைய விரல் என்று தெரியாது.

இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர். போன மாதம், நேபாளத்தில், பனிமலைக்கு நடுவே, கூடாரத்துக்குள். நிலவியல் முதுகலை வகுப்பு மொத்தமும் பாறை படிக்கப் போயிருந்தது. வழிகாட்டி ஒருவர்தான். அதனால் ஒருவனுக்கு எண் இறங்கினாலும் எல்லோரும் இறங்க வேண்டும் என்பது பேராசிரியரின் விதி.

எழுமலை ஊர்க்காரன் முத்துக்குமரனுக்கு அன்று சாயங்காலமே மூச்சு முட்டியது. அவன் மூச்சு விடும்போது, இளநீர் தீர்ந்தபின் அடியில் ஸ்ட்ரா உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"மாப்ள, முடியலடா. என்னைய எறக்கி விட்டுருங்கடா."

"விடிஞ்சா உச்சிடா. உன்னால எல்லாப் பயலும் பாதியில திரும்பணுமா? காலேஜ்ல நீ வராதப்ப உனக்கு எத்தனை நாள் ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் குடுத்திருக்கேன். இன்னைக்கும் குடுக்குறேன். மூடிட்டுப் படு" என்றான் ஜூடு.

குளிரில் எல்லோரும் தூக்கப்பைக்குள் தலைவரை புதைந்திருந்தார்கள். பேராசிரியர் டார்ச்சோடு வாசலில் குனிந்து, நீட்டிய விரல்களில் மட்டும் கருவியை மாட்டினார். ஜூடு முதலில் வலது கையை நீட்டினான். அடுத்து, முத்துக்குமரனின் தூக்கப்பைக்கு அடியிலிருந்து இடது கையை. உள்ளே ஒரு கை அவன் முழங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தது. ஜூடு அதை அழுத்தி வைத்துக்கொண்டான்.

"முத்துக்குமரன் நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

விடியும்போது முத்துக்குமரன் விறைத்துக் கிடந்தான். விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

எழுமலையில் எடுத்துப் புதைத்த அன்று, அவனுடைய அம்மா ஒச்சாயி ஜூடின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எம்புள்ள கஷ்டப்பட்டானாய்யா? எறங்கணும்னு கேட்டானா?"

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல. தூங்குன மாதிரியே போயிட்டான்."

அன்று திரும்பி வரும் பஸ்ஸில்தான் முதன்முதலாக ஜூடுக்கு மூச்சு இளைத்தது.

இப்போது அந்தி. வெளியே வெயில் இறங்கியும் சுவர் கொதித்தது. ஜூடு மட்டும் குளிரில் நடுங்கிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்திருந்தான். அறையில் இரண்டு நாளாக ஈரக் கம்பளி நாற்றம். கரண்ட் போனது. மின்விசிறி கடகடத்து, மெதுவாகி, நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. இளநீரின் அடியை உறிஞ்சும் சத்தம். அவன் தலையைத் தூக்கினான். சத்தம் அவனுடைய நெஞ்சிலிருந்தே வந்தது.

அதற்கு நடுநடுவே இன்னொரு சத்தம். நீளமான, நிதானமான மூச்சு. வயலில் வேலை முடித்து வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தவனின் மூச்சு. ஜூடு உள்ளே இழுக்க இழுக்க, காற்று பாதியில் திரும்பிப் போனது. அது போன பக்கத்தில் அந்த மூச்சு இன்னும் ஆழமானது.

கருவி விரலில் இருந்தது. தொண்ணூற்றெட்டு.

விரலை உருவினான். கருவி போர்வையின் விளிம்பில் விழுந்தது. உள்ளே விரல் இல்லையென்றால் எண் மறைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிட வேண்டும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அணையவில்லை.

தொண்ணூற்றெட்டு. நாடிக் கோடு ஏறி இறங்கியது. சீராக.

அம்மா என்று கத்தினான். உதடு மட்டும் அசைந்தது. இரண்டு கைகளையும் போர்வைக்குள் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினான். நெஞ்சு எழவில்லை.

கதவு திறந்தது. பிலோமினாள் செல்போன் வெளிச்சத்தைத் தாழ்த்திப் பிடித்தபடி வந்தாள். நேராகக் கருவியைத்தான் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு. நாந்தான் சொன்னேன்ல. கைய மட்டும் வெளிய நீட்டிட்டுத் தூங்குறத பாரு."

குனிந்து அந்தக் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லா வெதுவெதுன்னு இருக்கு. ரத்தம் நல்லா ஓடுது."

ஜூடின் கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன.

சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனாள். கருவியின் சிவப்பு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதில் ஒரு விரல் தெரிந்தது. நுனியில் நாவற்பழக் கறுப்பு. அது உருகி உருகி நகத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் ரோஜா நிறம் ஊறியது. விரலுக்குப் பின்னால் மணிக்கட்டு. முழங்கை. பக்கத்தில், தலைவரை மூடிய தூக்கப்பை. அது சுகமாக எழுந்து தாழ்ந்தது.

கருவியில் ஒரு பழுதும் இல்லை. அதற்குள் இருந்தது முத்துக்குமரனின் விரல். அந்த விரலில் ஓடியது ஜூடின் மூச்சு.