காணாமற்போனோர் கட்டம்

சாப்பாட்டு மேசையில் மூடி வைத்திருந்த தட்டு திறந்திருந்தது. மூடி தரையில் விழவில்லை, சாய்ந்தும் கிடக்கவில்லை. யாரோ பொறுப்பாக எடுத்து வைத்த மாதிரி மேசை ஓரத்தில் மல்லாந்து இருந்தது. சோற்றின் மேல் மீன்குழம்பு ஆறி எண்ணெய் படர்ந்திருந்தது.

ஹம்சிகா மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தாள். அதே மேசையின் மறுமுனையில்தான் அவள் பின்னேரம் முழுக்க இருந்து வேலை செய்தாள். கீழே மரைன் டிரைவில் வாகனங்கள் போன சத்தம் கேட்டது, கடலோர ரயில் போன சத்தம் கேட்டது, மேல்வீட்டுப் பிள்ளை கணக்குப் பாடமாக்கின சத்தம்கூடக் கேட்டது. இந்த மூடி எடுபட்ட சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"அம்மா, அண்ணாவின்ர தட்டைத் திறந்தனீங்களோ?"

"நான் ஏன் திறக்கிறன்? பூனையா இருக்கும்," என்றாள் ஜெகதீஸ்வரி குசினிக்குள் இருந்து.

நாலாம் மாடிக்கு எந்தப் பூனை ஏறி வரும்? ஹம்சிகா அதைக் கேட்கவில்லை. மூடியை எடுத்து மூடினாள். உட்பக்கம் ஈரமாக இருந்தது. சோற்றின் ஆவி என்று நினைத்தாள். ஆவிக்குச் சேற்று மணம் வராது என்பது கையைக் கழுவும்போதுதான் உறைத்தது.

அந்தத் தட்டுக்கென்று அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பானையின் முதற் சோறு அதில் விழும். மேலே சில்வர் மூடி. கிஷாந்த் வந்தால் சாப்பிட. கடைசிப் போரின் கடைசி நாட்களில், கழுத்தளவு தண்ணீரில் கடலோரக் களப்பைக் கடந்த சனத்துக்குள், துணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு இவர்களுக்குப் பின்னால் வந்தவன் அவன். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் வேறு யாரோ வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் தெரியும். அவனுடைய உடலைக் கண்டவர்கள் இல்லை, அதன் பிறகு உயிரோடு கண்டவர்களும் இல்லை.

அப்பா கதிர்காமநாதன் நோய் வருத்தம் வந்து இந்த வெள்ளவத்தை வீட்டில் செத்தவர். அவருக்கு எட்டுச்செலவு நடந்தது, அந்தியேட்டி நடந்தது. வருசா வருசம் திவசத்துக்குத் தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு இவர்கள் பல்கனியில் நிற்பார்கள். செத்தவருக்குப் படைக்கிற சோற்றை மூடுவதில்லை. உயிரோடு இருந்து, வீட்டுக்கு வரப் பிந்துகிறவனுக்குத்தான் மூடி வைப்பது. காலையில் அந்தப் பழஞ்சோற்றை அம்மாவே தின்பாள், காகத்துக்கு ஒரு பருக்கை வைக்கமாட்டாள். காகம் அப்பாவின் பங்கு.

ஹம்சிகாவின் வேலையும் ஒருவகையில் பங்கு பிரிப்பதுதான். கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பதிப்பகம் உலகப் போர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று போடுகிறது. ஒவ்வொரு போரின் தலைப்பக்கத்திலும் ஒரு சுருக்க அட்டவணை வரும்: காலம், இடம், தரப்புகள், படைபலம், இழப்பு, முடிவு. அட்டவணைகள் அவள் பொறுப்பு. முதலில் மலைப்பாக இருந்தது. பிறகு கை பழகி, தேநீர் ஆறுவதற்குள் ஒரு போரை முடித்துவிடுவாள். முப்பது வருசம் எரிந்த நாடானாலும் அந்தக் கையகலக் கட்டத்துக்குள் நல்ல பிள்ளையாக அடங்கிவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இழப்பு என்ற கட்டத்துக்குள் இரண்டே வரிகள். கொல்லப்பட்டோர், காயமடைந்தோர். காணாமற்போனோரை என்ன செய்வது என்று ஆரம்பத்திலேயே பஸ்லாவிடம் கேட்டிருந்தாள். பஸ்லாதான் பதிப்பாசிரியர், பதிப்பகத்தின் கந்தோரில் இருப்பவள்.

"இத்தின வருசத்துக்குப் பொறகு வராதவங்க எங்க ஈக்கப் போறாங்க? கொல்லப்பட்டோரோட கூட்டிப் போடுங்க," என்றாள் பஸ்லா. கல்நெஞ்சில் சொன்னதல்ல. அவளுக்கு முன்னால் இன்னும் நூறு பக்கம் இருந்தது.

அப்படியே கூட்டிப் போட்டாள். எங்கோ தூரத்து நாடுகளின் போர்கள். நேற்று இந்த நாட்டின் பக்கம் வந்தது. கை கொஞ்சம் நின்றது. தேநீர் முழுதாக ஆறி, மேலே ஆடை பிடித்தது. மற்றவர்களுக்குச் செய்ததைத்தானே என்று நினைத்து, காணாமற்போனோரின் தொகையை வெட்டி, கொல்லப்பட்டோரின் தொகையோடு கூட்டினாள். அழவேண்டும் போல இருந்தது, ஆனால் அழவில்லை. அடுத்த போரைத் திறந்தாள்.

மறுநாளும் தட்டு திறந்திருந்தது. இந்தமுறை சோற்றில் ஒரு பிடி குறைந்திருந்தது. விரல்கள் கூட்டி அள்ளிய பள்ளம். பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது, கருமையாக, களப்பு மணத்தோடு.

அம்மா அந்தப் பள்ளத்தைக் கனநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஹம்சிகா அந்தச் சிரிப்பைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் கடைசியாகக் கண்டவள்.

"பாரைக் குழம்பு அவனுக்குப் பிடிக்கும் எல்லே," என்றாள் அம்மா. "நாளைக்கு மார்க்கட்டில நல்ல துண்டா வாங்கோணும்."

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரினாள். முழங்கால் நோவென்று படிக்கட்டுக்குப் பயந்தவள், மார்க்கட்டுக்குத் தானே இறங்கிப் போய் மீன் பேரம் பேசினாள். அண்ணா வருகிறான் என்று அம்மா நினைக்கிறாள். எந்தக் கட்டத்திலிருந்து எழும்பி வருகிறான் என்பது ஹம்சிகாவுக்குத்தான் தெரியும். அவனைச் செத்தவர்களோடு சேர்த்தது அவள்தான். செத்தவர்கள்தான் பின்னேரத்தில் வந்து சோறு சாப்பிடுவார்கள்.

ஆனால் அவள் சேர்த்தது அவனை மட்டுமல்ல.

அதைப் படிக்கட்டு சொன்னது. பொழுது படும் நேரத்தில், லிப்ட் இறங்கிப் போன பிறகு, ஈரப் பாதங்கள் சீமெந்தில் படுகிற சத்தம் கீழிருந்து ஏறிவரும். முதல்நாள் ஒருவருடையது. பிறகு சிலருடையது. பிறகு எண்ணமுடியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமில்லாமல், சாமான் சுமந்து களைத்தவர்களின் நடையில். கதவுக்கு வெளியே வந்து நிற்கும். மூச்சுச் சத்தம் இல்லை, துணியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். கதவைத் திறந்து பார்த்தால் வெறும் விறாந்தை. கதவின் கீழ் இடுக்கில் வெள்ளை மணல்.

பானை போதாமற் போனது. அம்மா பெரிய பானையை இறக்கினாள். வீட்டில் இருந்த எல்லாத் தட்டையும் கழுவி, ஹோலின் தரையில் வரிசையாக வைத்தாள். சோறு போட்டாள், குழம்பு விட்டாள், ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் தண்ணீர் வைத்தாள்.

"ஆருக்கம்மா இவ்வளவும்?"

"அவன் தனிய வரமாட்டான். சிநேகிதப் பொடியள் இல்லாமல் எப்ப வந்தவன்?" அம்மா கையைத் துடைத்தாள். "வா பிள்ளை, கதவைச் சாத்து. சாப்பிடட்டும்."

இருவரும் பல்கனியில் நின்றார்கள். கடல் இருண்டு கிடந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஈரவாய்கள் மெல்லுகிற சத்தம். தட்டுகள் எதுவும் மூடியிருக்கவில்லை என்பதைக் கதவைச் சாத்தும்போதே ஹம்சிகா கண்டிருந்தாள். கண்டதை யோசிக்கப் பயந்து, கடலைப் பார்த்தாள்.

புத்தகம் அச்சுக்குப் போகவேண்டிய நாளின் பின்னேரம் மழை பிடித்தது. கரண்ட் போனது. குசினியில் அம்மா மெழுகுதிரி வெளிச்சத்தில் சமைத்து முடித்து, தட்டுகளைப் பரப்பத் தொடங்கினாள். ஹம்சிகா தன் அறைக்குள் மடிக்கணினியோடு இருந்தாள். இன்றைக்கு மாற்றாவிட்டால் எப்போதும் மாற்றமுடியாது. ஒருநாள் அம்மா அவனை வெளிச்சத்தில் பார்த்துவிடுவாள். பார்த்தால் இத்தனை வருசம் மூடி வைத்த சோற்றுக்கு அர்த்தமில்லாமற் போய்விடும். அம்மா அதைத் தாங்கமாட்டாள்.

போனை எடுத்தாள்.

"பஸ்லா அக்கா, எங்கட நாட்டுப் பக்கத்தில மட்டும் காணாமற்போனோருக்கு ஒரு தனிக் கட்டம் வேணும்."

"இப்பயா? மத்தப் பக்கங்கள்ள இல்லையே, ஹம்சிகா."

"எங்கட அண்ணா அதுக்குள்ள இருக்கிறார், அக்கா."

பஸ்லாவின் குரல் தாழ்ந்து வந்தது. "எனக்குத் தெரியாதே, தங்கச்சி. செய்ங்க. செஞ்சு உடன அனுப்புங்க, நான் பாத்துக்கொள்றன்."

வெளியே பாதங்கள் ஏறத் தொடங்கியிருந்தன. இம்முறை அம்மா கதவைச் சாத்திவிட்டு விலகும்வரை வெளியே நிற்கவில்லை. ஹோலுக்குள் வந்தன. மழைச் சத்தத்துக்குள்ளும் கேட்டது, ஈரம் ஈரத்தின்மேல் படுகிற சத்தம், தட்டுகள் அசைகிற சத்தம், மெல்லுகிற, விழுங்குகிற, விரல் நக்குகிற சத்தம். சேற்று மணம் அறைக்குள் புகுந்து தொண்டையில் இறங்கியது. அவள் கட்டத்தைப் பிரித்தாள். புதிய வரி ஒன்று போட்டாள். கூட்டியதைக் கழித்தாள். காணாமற்போனோர் என்று அடித்து, தொகையைப் பழையபடி வைத்தாள். அனுப்பினாள்.

மெல்லுகிற சத்தம் நின்றது.

ஒரேயடியாக. மழை மட்டும்.

பஸ்லாவின் பதில் திரையில் வந்தது. 'கெடச்சிச்சு. அச்சுக்குக் குடுத்திட்டன்.' ஹம்சிகா கண்ணை மூடினாள். போய்விட்டார்கள். அண்ணாவும் போய்விட்டான். அவனுக்காக அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாளைக்கு அம்மா பழையபடி அந்த ஒற்றைத் தட்டை மூடி வைத்துக் காத்திருப்பாள். இருக்கட்டும். காத்திருக்கவாவது ஒருவன் இருப்பான்.

ஹோலில் ஒரு சத்தம்.

சில்வரில் நகம் பிறாண்டுகிற சத்தம்.

போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். மெழுகுதிரி அணைந்திருந்தது. அம்மா தரையில் முழங்காலில் இருந்தாள். அவளுக்கு முன்னால் தட்டுகள். ஒவ்வொரு தட்டும் மூடியிருந்தது. வீட்டில் தட்டுக்கென்று இருந்தது ஒரே ஒரு மூடி. இப்போது வரிசை முழுக்க மூடிகள், ஈரமாக, வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு. அம்மா ஒன்றின் விளிம்பில் நகத்தை விட்டு நெம்பினாள். வரவில்லை. அடுத்ததற்குத் தவழ்ந்து போனாள். நகம் பிய்ந்து விரலில் இரத்தம்.

"போனில கதைச்சு என்ன செய்தனீ, பிள்ளை?"

"அம்மா, நான்... உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு..."

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீ?" அம்மா நிமிரவில்லை. "முதல்நாள் அந்தத் தண்ணியை மணந்து பாத்தவுடன தெரியும். செத்துத்தான் போனான். செத்தாலும் வந்தவன் எல்லே. பசிக்குது எண்டு வந்தவன். இத்தினை வருசத்துக்குப் பிறகு என்ர கையால சாப்பிட்டவன்." குரல் உடைந்தது. "செத்த பிள்ளைக்குச் சோறு படைக்கலாம். காணாமற்போனவனுக்கு என்னத்தைப் படைக்கிறது? திறபடுதில்லையே. பார், திறபடுதில்லையே."

ஹம்சிகா அறைக்குத் திரும்பி ஓட நினைத்தாள். மாற்றவேண்டும், திரும்பக் கூட்டவேண்டும். மடிக்கணினியின் வெளிச்சம் அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அணைந்தது. அச்சுக்குக் குடுத்திட்டன்.

சொட்டுச் சத்தம்.

அது நிற்கவேயில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. போன் வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினாள். தட்டுகளுக்கு அப்பால், சுவரோரம். பாதங்கள். தண்ணீரில் ஊறி வெளுத்த பாதங்கள், பெரியவை, சிறியவை, ஒரு குழந்தையுடையவை. சுவர் முழுக்க. வாசல் முழுக்க. வாசலுக்கு அப்பால் விறாந்தை, படிக்கட்டு. ஒருவரும் போகவில்லை. எல்லாப் பாதங்களும் தட்டுகளை நோக்கி நின்றன.

அம்மாவுக்கு நேர் எதிரே நின்ற பாதத்தில், கணுக்காலுக்கு மேல், சைக்கிள் செயின் கிழித்த பழைய தழும்பு. ஹம்சிகா வெளிச்சத்தை அதற்குமேல் உயர்த்தவில்லை. அம்மா அந்தக் காலடியில் இருந்த மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஒரு கை இறங்கி, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் அதே மூடியைத் தொட்டது. திறக்கத் தெரியாத கை, மூடியின்மேல் விரல்களைக் கூட்டி, சோறு அள்ளுவதுபோல அள்ளிக்கொண்டிருந்தது.