பதினொரு நிமிடம்

சண்டிலிப்பாயில் தம்பிஐயாவின் வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். கலியாணத் தரகர்களில் அவர் பெரிய ஆள். அதாவது, பொய்யை வீடு வீடாகக் காவித் திரியாமல், ஆட்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லுபவர். முன்பு புகையிலை அடுக்கிவைத்த பின்னறைதான் அலுவலகம். யன்னலுக்கு ஆணி அடித்திருந்தார். வெளியே வெயில் கொதிக்க, உள்ளே இருட்டும் பழைய புகையிலை நாற்றமும்.

இருபது வருடத்துச் சாதகக் குறிப்புகள் ஒரு பழைய கணினியில் கிடந்தன. அந்தக் கணினியை அப்படியே ஒரு கோப்பாக்கி, புதிய கணினிக்குள் ஓடவிட்டிருந்தார்கள். கோப்பு அறுபது ஜிபி. உள்ளே இருந்த சரக்கோ ஐந்து. மிச்சமெல்லாம் அவர் அழித்த குறிப்புகள் கிடந்த வெறும் இடம். அதைச் சுருக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு சுவிசுக்கு, மகனிடம் போய்விடப் போகிறாராம்.

சுருக்கிக் கொடுப்பது கணினி திருத்துகிற என் வேலை. கூலிக்குப் பதில், என் தங்கை சுபாஜினியின் கலியாணம். வயது முப்பத்துநாலு, ஏழில் செவ்வாய். பிறந்த நேரத்தைப் பதினொரு நிமிடம் தள்ளிவைத்தால் செவ்வாய்க் குற்றம் காணாமல் போகும். திருத்திய குறிப்பு காலையிலேயே உடுப்பிட்டிக்கு, மாப்பிள்ளையின் தாயிடம் போய்விட்டது. நாங்கள் சந்தையில் வெங்காயம் விற்ற ஆட்கள். அழுகினதைச் சாக்கின் அடியில் போடுவது எங்களுக்குப் பாவமாகத் தெரிவதில்லை.

கணினியில் அழித்தது அழியாது. பெயர்ப்பலகையைக் கழற்றுவதோடு சரி. ஆள் உள்ளேயே இருப்பார். ஆகவே வெறும் இடம் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பி, பிறகுதான் கோப்பை அமுக்க வேண்டும். நிரப்பினேன். அமுக்கினேன்.

அறுபதாகவே நின்றது.

மறுபடியும் செய்தேன். அறுபது. புகையிலை நாற்றம் போய்ப் பாசி நாற்றம் எழுந்தது. அதோடு, ஈரத் தலைமயிரின் நாற்றம்.

உள்ளே தேடிப் பார்த்தேன். எங்கும் பூச்சியம். நடுவில் ஒரேயொரு குறிப்பு மசியாமல் கிடந்தது. கஜந்தினி, புத்தூர். படத்தில் ஒற்றைப் பின்னல், இடது கன்னத்தில் மச்சம். பிறந்த நேரம் மட்டும் இரண்டு எழுதியிருந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் பதினொரு நிமிடம்.

தம்பிஐயா வெற்றிலையை மடித்தபடி கதையைச் சொன்னார். கலியாணமாகி மூன்றாம் மாதம் மாப்பிள்ளை பகுதி நேரம் மாற்றிய குட்டைக் கண்டுபிடித்து அவளைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். பிறகு கிணற்றில் கிடந்தாளாம். செத்த பிள்ளையின் குறிப்பு ஆருக்கு என்று அழித்தாராம். வாடின கீரையை எறிந்ததுபோலச் சொன்னார்.

"உதைத் துடையும் தம்பி. தங்கச்சியின்ரை விசயத்தை யோசியும்."

அதைத்தான் யோசித்தேன். இந்த ஆளைவிட நான் எதில் மேல் என்பதை யோசிக்கவில்லை. அவள் கிடந்த இடத்தை மட்டும் குறிவைத்துப் பூச்சியம் எழுதினேன்.

மின்விசிறி நின்றது. மின்சாரம் இருந்தது.

மேசையில் ஒரு துளி நீர் விழுந்தது. மழை பெய்து இரண்டு மாதம்.

கோப்பு ஐந்தாகச் சுருங்கியது.

தம்பிஐயாவின் போன் அடித்தது. உடுப்பிட்டிப் பாலேஸ்வரி, மாப்பிள்ளையின் தாய். மனுசன் பெருமையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"பொம்பிளையைப் பிடிச்சுப்போச்சு. இப்பதான் இஞ்சை வந்திட்டுப் போறா. தலை துவட்டாமல் வந்திட்டா, விறாந்தையெல்லாம் ஈரம். கன்னத்து மச்சம் நல்ல வடிவு."

சுபாஜினி அந்நேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மச்சமே இல்லை.

அவளுடைய குறிப்பைத் திறந்தேன். பெயர் அவளுடையது. படம் கஜந்தினியுடையது.

"உதை அழிக்கேலாதோ?" தம்பிஐயா கேட்டார். மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது.

"வெறும் இடத்தைத்தான் துடைக்கலாம், அண்ணை. உது இப்ப ஆள் இருக்கிற இடம்."

வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் கனத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்காத சரக்கைத் தொட்டுப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த சுபாஜினி படலை வாசலில் நின்றாள்.

"அண்ணை, சேட்டு முதுகு ஏன் நனைஞ்சு கிடக்கு? உங்களோடை வந்த பிள்ளை ஏன் ஒண்டும் கதைக்காமல் கிணத்தடிக்குப் போகுது?"

கேட்டுக்கொண்டே அவளும் அந்தப் பக்கம் நடந்தாள்.

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

தண்ணீர் மோட்டார் பூட்டிய வருடமே அந்தக் கப்பியை நாங்கள் கழற்றி விற்றுவிட்டோம்.