பெயரில்லாத பட்டன்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுண்டு செய்கிற முதல் வேலை, பையைக் கதவுக்குப் பின்னால் வைப்பது. இரண்டாவது வேலை, கைகால் கழுவுவது. மூன்றாவது வேலைதான் முக்கியம்: கோட்டைக்குள் நுழைவது.

அந்தக் கோட்டை முன்னறையில் இருந்த பழைய கணினிக்குள் இருந்தது. பேர் பனிக்கோட்டை. எதையும் தரவிறக்க வேண்டாம். ப்ரவுசரில் முகவரியை அடித்தால் போதும், விளையாட்டு திறந்துவிடும். உள்ளே ஆளுக்கொரு வேஷம். சுண்டு மருத்துவச்சி. 'நீங்கள் ஒரு குகைக்குள் நிற்கிறீர்கள். வடக்கே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது' என்று திரையில் எழுத்து வரும். வடக்கே போவதா, வந்த வழியே ஓடுவதா என்று நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

சுண்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. திரையில் இருப்பதையெல்லாம் ஒரு மென்பொருள் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டும். அதற்கு அவள் வைத்த பேர் வாயாடி. வாயாடியை அவள் ஓட்டுகிற வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

"தகரத்துல மழை பெய்யற மாதிரி இருக்குடி. இதுல உனக்கு என்னதான் புரியுது?" என்பார் அம்மா. அம்மா தையல்காரர். அதே அறையின் இன்னொரு மூலையில் அவருடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

"எல்லாம் புரியுது. உங்க மெஷின் பேசறதுதான் புரியல" என்பாள் சுண்டு.

கோட்டையில் அவளுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் வீரன், இரும்புக்கை. இன்னொருத்தி வில்லாளி, புயல்வால். நிஜப் பேர் என்ன, எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளையும்கூட. மூவரும் ஆறு மாதமாகச் சேர்ந்தே அலைந்தார்கள். வழி தெரியாவிட்டால் மற்ற இருவரும் சுண்டுவைத்தான் கேட்பார்கள். ஒருமுறை கேட்ட வழியை அவள் மறப்பதே இல்லை.

அன்று புதன்கிழமை. சுண்டு கோட்டைக்குள் நுழைந்தாள். பாலத்தில் பூதம் காத்திருந்தது. கூட்டாளிகள் இருவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

"சீக்கிரம் வா! கோட்டையைப் புதுசாக்கி இருக்காங்க. சூப்பரா இருக்கு!" என்று இரும்புக்கை எழுதியிருந்தான்.

சண்டை தொடங்கியது. சுண்டு டேப் விசையை அழுத்தினாள். வழக்கமாக, அழுத்த அழுத்த வாயாடி, "மருந்து கொடு... கட்டுப் போடு... பின்வாங்கு..." என்று வரிசையாகச் சொல்லும்.

இன்றைக்கு, "பட்டன்" என்றது.

சுண்டு மறுபடி அழுத்தினாள். "பட்டன்." மறுபடி. "பட்டன். பட்டன். பட்டன்."

தையல் மெஷின் நின்றது. "பட்டன் வேணுமா? எந்தக் கலர்?" என்றார் அம்மா.

"ஐயோ, அம்மா, இது வேற!"

"காப்பாத்து! உயிர் போகுது!" என்று இரும்புக்கை எழுதினான். எது மருந்து? யோசிக்க நேரமில்லை. ஏதோ ஒரு பட்டனில் நின்று என்டர் விசையைத் தட்டினாள்.

"மருத்துவச்சி ஓடிவிட்டாள்" என்றது வாயாடி.

அடுத்த வரி: "இரும்புக்கை வீழ்ந்தான்."

அவன் ஆறு மாதம் சேர்த்த கேடயமும் தொப்பியும் ஆற்றோடு போயின. சற்று நேரத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது. "நடுச்சண்டையில விட்டுட்டு ஓடறியா? சனிக்கிழமை கோட்டையோட வடக்கு வாசலுக்கான சண்டை இருக்கு. அதுக்கு நாங்க வேற மருத்துவரைப் பாத்துக்கறோம்."

வாயாடி எதையும் ஒரே குரலில்தான் படிக்கும். கோபமாகப் படித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சுண்டுவுக்கு. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அண்ணன் வந்து பார்த்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. உலகத்தில் தீர்க்க முடியாத பிரச்சினை எதுவும் இல்லை என்பது அவன் எண்ணம்.

"முன்னாடி எழுத்தா இருந்ததையெல்லாம் இப்ப படமா மாத்திட்டாங்க. வாள் படம், புட்டி படம். படத்துக்குப் பேர் வைக்க மறந்துட்டாங்க. அதான் உன் வாயாடி முழிக்குது" என்றான். "அழாதே. நீ சொல்லு, நான் பாத்து அமுக்கறேன்."

இருவரும் சேர்ந்து கோட்டைக்குள் கிளம்பினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என் மருந்துப் பையில எட்டுப் புட்டி இருந்துச்சே, ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லுது?"

"வழியில ஒரு ஆடு நொண்டிச்சு. அதுக்குக் குடுத்தேன்."

"ஏழு புட்டியுமா?"

"பெரிய ஆடு."

சுண்டுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வேணாம்ண்ணா. நீ அமுக்கினா அது உன் விளையாட்டு. என் விளையாட்டு இல்ல."

சரி, எந்தப் பட்டன் எத்தனையாவது என்று மனப்பாடம் செய்துவிடலாம் என்று பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை. கையில் புதுப் பொருள் ஒன்று சேர்ந்தாலே போதும், அது வரிசையில் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதாக இருந்த மருந்து அடுத்த சண்டையில் ஒன்பதாவது இடத்தில் இருந்தது.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோட்டையைக் கட்டினவங்களுக்கு ஒரு கடிதாசி எழுதறேன் பாரு. 'உங்க விளையாட்டு சுத்தக் குப்பை'ன்னு."

"அப்படி எழுதாதே."

"ஏன்? பாவம் பாக்கறியா?"

"குப்பையா இருந்தா நான் எதுக்குண்ணா அழுதேன்?"

அண்ணன் எழுத எடுத்த போனைக் கீழே வைத்தான்.

சுண்டு நாற்காலியில் காலை ஆட்டியபடி யோசித்தாள். கோட்டையைக் கட்டியவருக்குக் கண் தெரியும். அவர் திரையைப் பார்க்கிறார். வாள் வாளாகவும் புட்டி புட்டியாகவும் தெரிகிறது. இங்கே தனக்கு என்ன கேட்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தெரியவைக்க வேண்டும்.

"அண்ணா, உன் போன்ல ரெக்கார்ட் பண்ணு" என்றாள். வாயாடியின் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். பிறகு முதல் பட்டனிலிருந்து கடைசிப் பட்டன்வரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். "பட்டன். பட்டன். பட்டன்..." இருபத்துமூன்று முறை. நடுவில் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து ஒரு பட்டியல். அண்ணன் படத்தைப் பார்த்துச் சொன்னான், சுண்டு தட்டச்சு செய்தாள். ஒரு படம் மட்டும் அவனுக்கே விளங்கவில்லை.

"இது கத்தரிக்கோலா, கொக்கா?"

அம்மா எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "கத்தரிக்கோல் இப்படியா இருக்கும்? இது கொக்குதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடிதத்தைச் சுண்டுவே எழுதினாள்.

"வணக்கம். எனக்குப் பதினோரு வயது. எனக்குக் கண் தெரியாது. உங்கள் கோட்டையில் ஆறு மாதமாக மருத்துவச்சியாக இருக்கிறேன். இத்துடன் இருக்கிற ஒலிப்பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மருந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். என்னால் முடியவில்லை. எல்லாப் படங்களுக்கும் பேர் எழுதி அனுப்பியிருக்கிறேன். கொக்கு மட்டும் சந்தேகம்."

அம்மா படித்துப் பார்த்து, தன் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார்.

இன்னொரு கடன் பாக்கி இருந்தது. இரும்புக்கைக்குச் சொல்லவேண்டும். அது கோட்டைக்காரருக்கு எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண் தெரியாது என்றால் 'ஐயோ பாவம்' என்பார்கள். கோட்டைக்குள் இதுவரை யாரும் அவளைப் பாவம் என்று சொன்னதில்லை. நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தாள். கடைசியில் சுருக்கமாக எழுதினாள்.

"நான் ஓடணும்னு ஓடல. எனக்குக் கண் தெரியாது. புதுப் பட்டன்களோட பேரை என் கணினியால படிக்க முடியல. தப்பா அமுக்கிட்டேன். உன் கேடயம் போனதுக்கு மன்னிச்சுக்கோ."

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவின் மின்னஞ்சலுக்குக் கோட்டைக்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது. சுண்டு வாயாடியை மெதுவாகவே படிக்கவிட்டாள், அம்மாவும் அண்ணனும் கேட்கவேண்டுமே.

"அன்புள்ள மருத்துவச்சிக்கு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை விளையாடிப் பார்த்தேன். மூன்று முறையும் செத்துப்போனேன். இந்தக் கோட்டையை நான் ஒருத்திதான் கட்டுகிறேன். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறது என் வேலை. லிஃப்ட் பட்டன்களில் கண் தெரியாதவர்களுக்கான புள்ளி எழுத்து சரியாக இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்கிறவள், என் கோட்டையில் அதை மறந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இன்று ராத்திரிக்குள் பேர் வைத்துவிடுகிறேன். நாளைக்குச் சோதித்துச் சொல்வாயா? பின்குறிப்பு: அது கொக்கு இல்லை, சாவி."

"சாவியா!" என்று அம்மாவும் அண்ணனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை சுண்டு சோதித்தாள். பேர்கள் வந்திருந்தன. ஆனால் கோட்டைக்காரி வெட்கத்தில் கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டார்.

"பச்சைக் கண்ணாடியால் ஆன, வெள்ளி மூடி போட்ட, அழகிய வேலைப்பாடுள்ள மருந்துப் புட்டி" என்று வாயாடி படித்தது. அது முடிவதற்குள் பூதம் சுண்டுவை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

"'மருந்து' மட்டும் போதும் அக்கா," என்று சுண்டு எழுதினாள். "வர்ணிச்சு முடிக்கறதுக்குள்ள பூதம் என்னைத் தின்னுடுது."

"மன்னிச்சுக்கோ! அரை மணி நேரம் குடு" என்று உடனே பதில் வந்தது.

அரை மணியில் எல்லாம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கின. மருந்து. கட்டு. சாவி. ஓடு. சுண்டு ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டாள். ஓடு என்ற பட்டன் மருந்துக்கு ஒட்டினாற்போல் பக்கத்திலேயே இருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னாள். தள்ளினார்.

இரும்புக்கையிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை. வியாழன் போனது, வெள்ளியும் போனது.

சனிக்கிழமை மத்தியானம் சுண்டு கணினி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிக்கு வாசல் சண்டை தொடங்கும். அவர்களுக்கு வேறு மருத்துவர் கிடைத்திருப்பார்.

மூன்றரைக்கு வாயாடி வாயைத் திறந்தது. "இரும்புக்கையிடமிருந்து செய்தி."

"நீ சொன்னதை நான் முதல்ல நம்பல. இருட்டுச் சுரங்கத்துல எங்களை வழி தப்பாம கூட்டிட்டு வந்தவளுக்குக் கண் தெரியாதான்னு நெனச்சேன். பொய்ன்னே முடிவு பண்ணிட்டேன். அப்பறம் நானும் அந்தத் திரை படிக்கிற மென்பொருளைப் போட்டு, ஒரு துணியால கண்ணைக் கட்டிக்கிட்டு விளையாடினேன். பதினோரு தடவை ஆத்துல விழுந்தேன். ரெண்டு தடவை எங்க வீட்டு நாற்காலியில இருந்தே விழுந்தேன். அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ. புயல்வாலும் என்னைத் திட்டித் தீத்துட்டா."

அதன் கீழே புயல்வால் எழுதியிருந்தாள்: "ஆமா, திட்டினேன். நாங்க வேற யாரையும் தேடல. வர்றியா, இல்லையா?"

சுண்டு இரண்டு கையாலும் தட்டச்சு செய்தாள். "வர்றேன். ஆனா ஒண்ணு. யாரும் என்னைப் பாவம்னு சொல்லக்கூடாது."

"பாவமா? என் கேடயம் போச்சு, நான்தான் பாவம்" என்றான் இரும்புக்கை.

நான்கு மணிக்கு வடக்கு வாசலில் சண்டை தொடங்கியது. வாசலைக் காத்தது பூதம் அல்ல, பூதத்தின் மாமா. அவருக்கு மூன்று தலை. அம்மாவும் அண்ணனும் சுண்டுவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு முறை இரும்புக்கை சாகப் போனான். இரண்டு முறையும் சுண்டு டேப் விசையில் நகர்ந்து, "மருந்து" என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் என்டரைத் தட்டினாள். புயல்வாலின் கடைசி அம்பு மூன்றாவது தலையில் பாய்ந்தது.

"வடக்கு வாசல் திறந்தது" என்றது வாயாடி.

அண்ணன் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தான். "உஷ்!" என்று அவனை அடக்கினார் அம்மா. "அவ கேக்கணும்ல!"

வாசலுக்கு அப்பால் மூவருக்குமே புதிய இடம். வாயாடி படித்தது: "உங்கள் முன்னால் மூடுபனி. கிழக்கே அலைச்சத்தம். மேற்கே மணியோசை. எதிரே அமைதி."

"ஒண்ணும் புரியல. எந்தப் பக்கம் போறது?" என்று எழுதினான் இரும்புக்கை.

சுண்டு அந்த வரியை இன்னொரு முறை படிக்கவிட்டுக் கேட்டாள். அலை கேட்டால் கரை இருக்கும், கரையைப் பிடித்துப் போனால் பனியிலும் வழி தப்பாது. அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு படர்ந்தது.

"கிழக்கே," என்று எழுதினாள்.

ஏன் என்று கேட்காமல் இருவரும் அவள் பின்னால் நடந்தார்கள்.