கரைந்து உறைந்த இலைகள்

கிண்ணத்துப் பனிக்கட்டியின் மேல் வைத்திருந்த நாணயம் அடியில் கிடந்தது.

சேலையூர் ஆய்வகத்தில், சோதனைக்கான வாழையிலைத் துண்டுகள் இருந்த நீண்ட உறைபெட்டிக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்தவள் ஆய்வாளர் புஷ்பலதாதான். பெட்டி குளிர் இழந்தால் பனி உருகும், நாணயம் மூழ்கும். மீண்டும் உறைந்தாலும் அது மேலே வராது. மின்சாரம் தடைப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. பெட்டியின் வெப்பநிலைத் திரை வழக்கமான கடுங்குளிரையே காட்டியது. ஆயினும், மழை ஓய்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், கேம்ப் ரோட்டுப் பேருந்துகளின் இரைச்சல் ஈரச் சுவர்களில் மோதி மங்கிக்கொண்டிருக்க, மூடிய பெட்டியின் விளிம்பிலிருந்து அறுத்த வாழைத்தண்டின் வாடை கசிந்து அறை முழுவதும் பரவுவதை அவள் உணர்ந்தாள். உறைந்த இலைக்கு வாடை கிடையாது.

ஆய்வக உரிமையாளர் ஹரிபிரசாத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“சார், மன்னிக்கணும். வாழை சாம்பிள் எல்லாம் கரைஞ்சு திரும்ப உறைஞ்சிருக்கு.”

“அதனால என்னம்மா? டெஸ்ட் போடுங்க. நெகட்டிவ்னு வரும், நாளைக்குக் கன்னு எல்லாம் லாரி ஏறிடும்.”

“கரைஞ்ச இலையில மஞ்சள் கீத்து வைரஸ் இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாமப் போயிடும் சார். வாங்கி நடுறவங்க தோட்டமே போயிடும். தயவுசெஞ்சு புது இலை எடுக்கச் சொல்லுங்க.”

“ரொம்ப யோசிக்காதீங்க. கையெழுத்து மட்டும் போடுங்க.”

“போட மாட்டேன் சார்.”

ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

தொலைபேசியை வைத்ததும் பெட்டிக்குள் ஏதோ தட்டியது.

காவலாளி சிட்டிபாபு கதவருகே எட்டிப் பார்த்தார். “இன்னா மேடம், உள்ள தட்டிகினு கீது?”

“எலியா இருக்கும் அண்ணா.”

“ஐஸ் பொட்டில எலியா? ஸ்வெட்டர் போட்டுகினு குந்திகினு கீதா?”

சிரித்தவர், அடுத்த தட்டலில் வாயை மூடினார். அதற்கடுத்ததில் தெருவுக்கே ஓடிவிட்டார்.

புஷ்பலதா ஓடவில்லை. மூடியைத் திறந்தாள். வெண்பனிக்கு நடுவே, இலைத்துண்டுகள் அடைத்த உறைகள் எல்லாம் ஒன்றாகப் புடைத்தன. தணிந்தன. மீண்டும் புடைத்தன.

மூச்சு.

ஓர் உறை கிழிந்தது. உள்ளிருந்து ஒரு குருத்து. வெளிறியது. அதில் மஞ்சள் கீற்றுகள் ஓடின. வாசல் இருந்த பக்கமாக அது மெல்லத் திரும்பியது.

மூடியை அறைந்து சாத்தினாள். அதன் மேல் ஏறி அமர்ந்தாள்.

“மன்னிக்கணும்,” என்றாள் பெட்டியிடம். “வெளியே விட மாட்டேன்.”

முளைக்கு மண் விலகுவதுபோல மூடி அவளையும் சுமந்துகொண்டு உயர்ந்தது. இடுக்கு வழியே குருத்து வந்தது. கணுக்காலைச் சுற்றியது. சில்லென்றது. இறுகியது.

அவள் எழவில்லை. இரு கைகளாலும் விளிம்பைப் பற்றி, இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, தோலுக்கடியில், மஞ்சள் கீற்றுகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.