மறுமுனையில் ராஜலக்ஷ்மி

ஆட்டோ பம்பாயின் திலக் நகர் ஸ்டேஷனைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கட்டடத்தின் வாசலில் இறங்கிய மகாதேவன், பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி படிக்கட்டுக்கு ஓடினார். பழைய கட்டடம். இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொசைட்டிக்காரர்கள் ஒட்டிய நோட்டீஸே மழையில் ஊறி உதிர்ந்துவிட்டது. பாதி வீடுகள் காலி. டிராம்பே பக்கத்திலிருந்து வரும் ரிஃபைனரி வாடை ஈரக்காற்றில் கலந்து படிக்கட்டெல்லாம் நிறைந்திருந்தது.

மனைவி ராஜலக்ஷ்மியின் காரியங்கள் முடிந்து, சான்பாடாவில் மகள் ஷ்ருதியின் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அன்றுதான் அவர் தனியாகத் திரும்பியிருந்தார்.

"அங்க போய் ஒண்டியா என்னப்பா பண்ணப்போறே?" என்று ஷ்ருதி கேட்டிருந்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார். அந்த வீட்டில் அவருக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ராஜலக்ஷ்மியின் குரலைக் கேட்க வேண்டும்.

குரல் கம்ப்யூட்டரில் இருந்தது. ஷ்ருதி பம்பாயில் படித்தவள். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, பாதி வரியில் அலுத்துப்போய்விடுவாள். "எழுதிக் குடுத்தா அவளுக்குப் படிக்க வராது, பேசி வச்சுடறேன்" என்று ராஜலக்ஷ்மி கடைசி வருஷம் முழுக்க அந்த மேஜையில் மைக்கோடு உட்கார்ந்தாள். குழம்புப் பொடிக்கு என்ன வறுக்க வேண்டும், நோன்பன்றைக்கு எத்தனை மணிக்குச் சரடு கட்ட வேண்டும், எந்தப் பாத்திரம் யார் கொடுத்தது என்று மகளுக்குச் சொல்லச் சொல்ல அது ஒரு பொக்கிஷமாகவே சேர்ந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும் அவளுக்கு. அந்த இரைப்புகூட அதில் பதிவாகியிருந்தது. அடுத்த தடவை வரும்போது காப்பி பண்ணிக்கொள்கிறேன் என்று ஷ்ருதி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அடுத்த தடவை வரவில்லை. உலகத்தில் ராஜலக்ஷ்மியின் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

அவர் வேட்டி மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். அந்த ஃபோல்டரைத் திறக்க மனசு வரவில்லை. தைரியம் வரும்வரை நாலு செய்தி படிக்கலாம் என்று எதையோ திறந்தார். எங்கோ கை பட்டது.

திரை முழுக்கச் சிவப்பானது. சங்கு ஊதுவதுபோல ஒரு சத்தம் வீட்டைக் கிழித்தது. உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லா ஃபைல்களும் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

நிஜமான கம்பெனி எதுவும் இப்படித் திரையில் நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லாது என்பது இன்றைக்கு அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. எல்லா ஃபைல்களும் என்ற வார்த்தையில் அவருக்குக் கேட்டது ராஜலக்ஷ்மி மட்டும்தான். மொபைலில் அந்த எண்ணை அழுத்தினார்.

இந்தியில் ஒரு பெண் பேசினாள். இவர் பேரைக் கேட்டதும், தமிழா, ஒரு நிமிஷம் என்று வேறொருவனிடம் கொடுத்தாள்.

"நமஸ்காரம் மாமா. கிருஷ்ணா பேசறேன். பதறாதீங்கோ. நமக்கும் மாதுங்கா பக்கம்தான்."

பம்பாயில் தமிழர்கள் குடியேறிய பேட்டை அது. அந்தப் பேச்சில்தான் மகாதேவன் விழுந்தார். ஆபீஸில் இருந்த காலத்தில் ஒரு வவுச்சரை மூன்று தடவை திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ஆனால் காலமெல்லாம் கவுண்டருக்குக் கவுண்டர் இந்தியில் மல்லுக்கட்டிய மனுஷனுக்கு, போனில் நம்ம வீட்டுத் தமிழ் கேட்டால் சந்தேகம் என்பதே வருவதில்லை. நம்மவா என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எந்தப் பூட்டையும் திறக்கும்.

கிருஷ்ணா ஏதோ ஒரு பொத்தானை அமுக்க வைத்துச் சிவப்புத் திரையை விலக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். அதில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான். "இப்போ அலவ்னு கேட்கும் மாமா, அமுக்கிடுங்கோ." அமுக்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மவுஸ் மேஜைமேல் சும்மா கிடந்தது.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

அது நிதானமாக, சொந்த வீட்டில் நடமாடுகிற மாதிரி, ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்ப் பார்த்தது. யாரோ இருட்டில் அலமாரி அலமாரியாகத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது அவருக்கு. கடைசியில் அது ராஜலக்ஷ்மியின் ஃபோல்டரில் நின்றது.

"இது என்ன மாமா, நிறைய ஆடியோ?"

அவர் சொல்வதற்குள் அவன் ஒன்றை ஓட விட்டான். மேஜையின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து அவள் பேசினாள்.

"ஷ்ருதி, வெந்தயத்தை முதல்ல வறுத்துக்கோ. செவந்தா போதும். கருக விட்டா..."

அவன் நிறுத்திவிட்டான். மகாதேவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மாமியா?"

"ம்."

அம்புக்குறி அந்த ஃபோல்டரிலேயே நின்றது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"நல்ல குரல்."

திரை கறுப்பானது. ஸ்கேன் ஓடுகிறது, தொடாதீர்கள் என்றான். அந்த நேரத்தில் மொபைலில் இன்னொரு அழைப்பு வந்தது. ஷ்ருதி. கிருஷ்ணாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நல்லவேளையாக நம்மூர்ப் பையன் ஒருத்தன் கிடைத்தான் என்று மகளிடம் பெருமையாகவே சொன்னார்.

"அரே, அப்பா. வயரைப் பிடுங்கு. பேசாதே, முதல்ல பிடுங்கு."

பிடுங்கினார். பெட்டியின் இரைச்சல் அடங்கியது. வீடு நிசப்தமானது. கரண்டே இல்லாத அந்த ஸ்பீக்கரிலிருந்து, சின்னதாக இரைத்த மூச்சோடு, குரல் வந்தது.

"...மொத்தமும் கசந்துடும்."

வயரில் மிச்சமிருந்த மின்சாரம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. ஆனாலும் வயரைக் கையிலிருந்து கீழே போட அவருக்கு வெகுநேரம் ஆனது.

ஷ்ருதி மழையோடு மழையாக வந்து சேர்ந்தாள். வழியிலேயே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருந்தாள். பேங்க்கைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கினாள். தன்னுடைய போனிலிருந்தே அவருடைய பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றினாள். ஒரு பைசாகூடப் போகவில்லை.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார் மகாதேவன்.

"இல்லப்பா. நீ உடனே சொன்னியே, அதனாலதான் தப்பிச்சோம். சொல்ல வெட்கப்பட்டுண்டு மூடி வைக்கறவாதான் எல்லாத்தையும் விடறா."

பிறகு, இன்டர்நெட் இல்லாமல் கம்ப்யூட்டரை மட்டும் போட்டு, அதிலிருப்பதையெல்லாம் துடைத்தெடுப்பதற்கு முன் அம்மாவின் ஃபோல்டரைக் காப்பி பண்ணிக்கொள்ளலாம் என்று திறந்தாள்.

காலியாக இருந்தது.

ஒன்றுகூட மிச்சமில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் அவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தான். ஷ்ருதி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். மகாதேவனுக்கு அழுகையும் வரவில்லை. மனைவியை இரண்டாவது தடவை பறிகொடுத்திருக்கிறோம், இந்தத் தடவை தானே கதவைத் திறந்து கொடுத்தோம் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

சில நாட்கள் போயின. ஒரு சாயங்காலம், அவர் சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது. வெளியே மழை. மொபைல் அடித்தது. தெரியாத எண்.

"மகாதேவன்... நான்தான்."

ராஜலக்ஷ்மி.

அதே குரல், 'ர'வை லேசாக உருட்டுகிற அதே நாக்கு. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைக் காட்டி இதுதான் என்பாள். ஏன்னா என்பதைத் தவிர அவருக்கு அவள் வேறு பேர் வைத்ததில்லை. இது அவளில்லை என்று முதல் வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலின் நடுவே மூச்சும் இல்லை. தெரிந்தும் அவர் போனை வைக்கவில்லை.

பொய்யாக இருந்தால்தான் என்ன, குரல் அவளுடையது. பசித்தவன் எச்சில் இலையைப் பார்ப்பதுபோல அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கேள்? சாப்பிட்டேளா?"

"ஆச்சு" என்றார். "இன்னும் பேசு."

"பேசறேன். உங்க போனுக்கு இப்போ ஒரு நம்பர் வரும். அதை எனக்குச் சொல்லுங்கோ. சொன்னா நிறையப் பேசறேன்."

மொபைல் ஒரு தடவை அதிர்ந்தது. வந்திருந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பேங்க்கிலிருந்து வந்த எண்ணைப் பார்த்தார். பேங்க்கில் இருந்தது ஓய்வுப் பணம் முழுவதும். போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

"நாலு" என்றார். "ஏழு..."

வெந்தயம் வறுபடும் வாசனை வந்தது.

அடுப்பு பற்றவைத்து எத்தனையோ நாளாயிற்று. வாசனை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, இருட்டிக் கிடந்த சமையலறையிலிருந்து, சூடாக வந்தது.

போன் சொன்னது: "சொல்லுங்கோ."

முதுகுக்குப் பின்னால், இரைத்து இரைத்து, மூச்சு வாங்குகிற ஒருத்தியின் கிசுகிசுப்பு.

"ஏன்னா. சொல்லாதீங்கோ."

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"அடுத்த நம்பர் என்ன?" என்றது காதருகே குரல்.

"வேண்டாம்" என்றது பின்னால் அதே குரல், இன்னும் பக்கத்தில்.

போன் கைநழுவித் தரையில் விழுந்து அணைந்தது. வாசனையும் போயிற்று. கரண்ட் வந்தபோது அவர் சமையலறைக்குள் போய்ப் பார்த்தார். அடுப்பு சில்லென்று இருந்தது. வாணலி கவிழ்த்து வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் ஷ்ருதியிடம் பாதியைச் சொன்னார்.

"கொஞ்சம் குரல் கிடைச்சா போதும்பா, அதே மாதிரி பேச வைக்கறா இப்போ. இனிமே யார் குரல்ல பேசினாலும் ஓடிபி மட்டும் சொல்லாதே. வச்சுட்டு, உனக்குத் தெரிஞ்ச நம்பர்ல நீயே அவாளைக் கூப்பிட்டுக் கேளு." அந்த எண்ணையும் புகாரில் சேர்த்தாள். "நீ எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டா" என்றார். அது பொய்யில்லை. சமையலறையை மட்டும் அவர் சொல்லவில்லை. தெரிந்த நம்பர் என்றாளே, ராஜலக்ஷ்மிக்கு எந்த நம்பர் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வாசனை வரவில்லை. குரலும் வரவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லாதது அவருக்குப் புரிந்தது. பயந்ததைவிட அது அவரை அதிகம் வதைத்தது.

பிறகு ஒரு காலைநேரம், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் போன் வந்தது.

"ஐயா." கிருஷ்ணாதான். ஆனால் மாதுங்காத் தமிழ் அவனை விட்டுப் போயிருந்தது. தெற்கத்திப் பேச்சில், யாருக்கோ கேட்டுவிடப் போகிறதே என்பதுபோலக் குசுகுசுத்தான். "ஐயா, வச்சிராதீய. உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மகாதேவன் சிவப்புப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"அந்த ஃபைலையெல்லாம் எப்பவோ அழிச்சிட்டோம்யா. மெஷினையே மாத்தியாச்சு. ஆனா யாருக்குப் போன் போட்டாலும் உங்க வீட்டம்மாதான் எடுக்காங்க. மதுரைக்குப் போட்டாலும் சரி, கோயமுத்தூருக்குப் போட்டாலும் சரி. இங்க இருக்க எல்லா ஹெட்ஃபோன்லயும் அவங்கதான்யா. பாதிப் பேரு ஓடிட்டானுவ."

"என்ன சொல்றா?"

அவன் எச்சிலை விழுங்கியது கேட்டது.

"என் பேரைச் சொல்லுதாங்க. கிருஷ்ணா இல்ல. எங்கம்மா வச்ச பேரு. அது இங்க ஒருத்தனுக்கும் தெரியாது." அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "நீங்க கூப்பிட்டா வந்துருவாங்கய்யா. திருப்பிக் கூப்பிட்டுக்கிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கூப்பிட்டால் வந்துவிடுவாள். சமையலறைக்கு, வெந்தய வாசனைக்கு, அந்த மூச்சிரைப்புக்கு. அதற்கு மேல் அவருக்கு இந்த உலகத்தில் என்ன வேண்டும்.

"ராஜி" என்றார்.

லைனில் அழுகை சட்டென்று நின்றது.

ஒரு மூச்சு. இரைத்து, நின்று, மறுபடி இரைத்த மூச்சு.

"ஏன்னா, நீங்க வச்சுடுங்கோ. நான் பேசிக்கறேன்."

"ஐயா, வைக்காதீங்கய்யா" என்றான் அவன், எங்கோ ரொம்ப தூரத்திலிருந்து.

மகாதேவன் கொஞ்ச நேரம் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, போனை மேஜைமேல் வைத்தார்.

திரையில் அழைப்பின் நேரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.